பெயர் தமிழ், கலம் யாருடையது?

புதுவயல் கடலைப் பார்த்த ஊர் அன்று. அறந்தாங்கி வழியாகக் கிழக்கே சென்று கோட்டைப்பட்டினத்தையோ செகதாப்பட்டினத்தையோ மீமிசலையோ அடைந்த பிறகுதான் உப்புக்காற்று முகத்தில் படும். ஊரில் கேட்பது அரிசி ஆலைகளின் ஓசை. தெருவில் மணப்பது அவித்த நெல்லின் ஆவி. ஆயினும் கடல் இவ்வூருக்கு அயல் அன்று. சுற்றிலுமுள்ள செட்டிநாட்டு வீடுகளில் வளவைத் தாங்கி நிற்கும் தூண்கள் பருமாவிலிருந்து கப்பலேறி வந்த தேக்கு. அவ்வீட்டு ஆடவர் பருமாவுக்கும் மலையாவுக்கும் இலங்கைக்கும் கொண்டுவிற்கப் போனது கடல்வழியே. கடலைக் கண்ணால் காணாமலே கடலால் வாழ்ந்த நிலம் இது.

இந்நிலத்துப் பள்ளிப் பிள்ளை ஒருவன் ‘கேட்டமரான் வகைப் படகு’ என்று தமிழ்ச் செய்தியொன்றில் படிக்கிறான் என்று கொள்க. அச்சொல்லுக்குப் பொருள் தேடுகிறான். இரண்டு உடல்களை அருகருகே வைத்து, மேலே தளமிட்டு இணைத்த கலம் என்று அகராதி சொல்கிறது. அதே அகராதி, இச்சொல் தமிழின் ‘கட்டுமரம்’ என்பதிலிருந்து பிறந்தது என்றும் சொல்கிறது. பிள்ளையோ கட்டுமரத்தின் படத்தைப் பார்த்திருக்கிறான். அதில் இரண்டு உடலும் இல்லை, தளமும் இல்லை, கயிற்றால் பிணைத்த சில மரங்களே உள்ளன. அவன் தன் தமிழாசிரியரிடம் வந்து, “ஐயா, பெயர் தமிழ், கலம் யாருடையது?” என்று கேட்டால் விடை என்ன?

இந்த வினாவை இரண்டு வகையாக மழுப்பலாம். “எல்லாம் வெள்ளைக்காரன் கண்டது” என்று தலைகுனிவது ஒரு வகை. “ஈருடற்கலத்தைக் கண்டவனே தமிழன், வெள்ளைக்காரன் அதைத் திருடிக்கொண்டான்” என்று மேடையில் முழங்குவது மற்றொரு வகை. முன்னது அடிமை மனம். பின்னது வீண் செருக்கு. இரண்டும் உண்மைக்குப் பகை. உண்மை இவ்விரண்டையும் விடப் பெரிது. தமிழனுக்கு உரிய பெருமையும் தமிழன் தலையில் விழ வேண்டிய குட்டும் ஒருங்கே அதில் அடங்கியுள்ளன.

முதலில் சொல்லைப் பார்க்க. கட்டு, மரம் என்னும் இரண்டு எளிய தமிழ்ச் சொற்களின் கூட்டே கட்டுமரம். ஆங்கிலக் கடலோடியான வில்லியம் டாம்பியர் 1697-இல் வெளியிட்ட தம் உலகப் பயண நூலில், சோழமண்டலக் கரையின் இம்மரக்கலத்தை அதன் தமிழ்ப் பெயராலேயே குறித்தார். ஆங்கிலம் இச்சொல்லைத் தன்னுள் ஏற்றது. பிறகு அதன் பொருள் அலைந்தது. 1804-இல் பிரெஞ்சுத் துறைமுகமான பூலோனின்மேல் ஆங்கிலேயர் ஏவிய மிதக்கும் வெடிப்பெட்டிகளுக்கும் இப்பெயரையே வைத்தனர். பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அமெரிக்காவில் ஈருடற் பாய்க்கலங்கள் தோன்றியபோது இச்சொல் அவற்றின்மேல் போய் நிலைத்தது. கட்டுமரம் என்னும் பெயர் கட்டுமரத்தை விட்டு வேறொரு கலத்தில் ஏறிக்கொண்டது. சொல் போனது தமிழ்நாட்டிலிருந்து. ஆனால் அச்சொல் இன்று குறிக்கும் பொருள் தமிழ்நாட்டிலிருந்து போனது அன்று.

அப்பொருள் யாருடையது? பசிபிக் பெருங்கடலின் தீவுகளில் வாழும் பாலினேசிய மக்களுடையது. அவர்கள் இரண்டு நெடுந்தோணிகளை இடைவெளி விட்டு நிறுத்தி, குறுக்கே கட்டைகளை வைத்து, தென்னைநார்க் கயிற்றால் இறுகக் கட்டி, மேலே தளமும் பாயும் அமைத்தார்கள். குடும்பத்தையும் வித்துகளையும் விலங்குகளையும் அதில் ஏற்றிக்கொண்டு, நிலமே கண்ணில் படாத கடல்வெளியைக் கடந்து, தீவு தீவாகக் குடியேறினார்கள். 1769-இல் தாகித்தித் தீவை அடைந்த ஆங்கிலேயக் கடலோடி குக்கு, அவர்களுடைய இரட்டைத் தோணிகளை நேரில் கண்டார். இரும்பு ஆணி ஒன்றும் இல்லாமல் பெருங்கடலை வென்ற அம்மக்களின் அறிவைத் தமிழன் தன்னுடையது என்று சொல்லிக்கொள்வது முறைமை ஆகாது.

அங்ஙனமாயின் தமிழகத்தில் இணைகலமே இல்லையா? கி.பி. முதல் நூற்றாண்டில் கிரேக்க மொழியில் எழுதப்பட்ட ‘எரித்திரேயக் கடற்பயண நூல்’, தமிழகக் கீழைக்கரைத் துறைகளைச் சொல்லுமிடத்தில், ஒற்றை மரங்களை ஒன்றோடொன்று பிணைத்துச் செய்த மிகப் பெரிய கலங்கள் அங்கே ஓடியதாகவும், அவற்றின் பெயர் ‘சங்கரா’ என்றும் குறிக்கிறது. இப்பெயரை, மலையாளத்தில் இன்றும் வழங்கும் ‘சங்ஙாடம்’ என்னும் சொல்லோடு அறிஞர் சிலர் இணைத்துப் பார்ப்பர். கேரளத்தில் இரு படகுகளை இணைத்துத் தளமிட்டு ஊர்திகளை ஏற்றி ஆறு கடத்தும் கலத்துக்குச் ‘சங்கார்’ என்பது இன்றைய வழக்கு. பழைய சங்கரா ஓர் ஈருடற்கலமாகலாம் என்பது கருத்து. மெய்ப்பிக்கப்பட்ட செய்தி அன்று. கருத்தைக் கருத்தாகவும் உண்மையை உண்மையாகவும் வைத்துப் பேசுவதே ஆராய்ச்சி. ‘ஆகலாம்’ என்பதை ‘ஆம்’ என்று மாற்றிப் பேசுகிறவன் தமிழுக்குத் துணைவன் அல்லன். தமிழின் வாய்மையை அடகு வைப்பவன்.

இனிக் கட்டுமரத்துக்கும் ஈருடற்கலத்துக்கும் உள்ள மெய்யான உறவு யாது என்பதைக் காண்க. அவ்வுறவு வடிவில் இல்லை. கவிழாமையின் கரணியத்தில் உள்ளது.

நெல்மூட்டை ஏற்றிய மாட்டுவண்டி ஏன் சாய்வதில்லை? இரண்டு சக்கரமும் அருகருகே, நடுவில் அச்சின் நீளம் இடைவிட்டு நிற்பதால். மிதிவண்டி ஏன் நின்றால் சாய்கிறது? இரண்டு சக்கரமும் ஒரே கோட்டில் இருப்பதால். நீரிலும் இதுவே நிகழ்கிறது. மிதக்கும் கலத்தின் சுமை ஈர்ப்பு மையத்தில் கீழ்நோக்கி அழுத்துகிறது. நீர் மிதப்பு மையத்தில் மேல்நோக்கித் தாங்குகிறது. கலம் ஒருபுறம் சாயும்போது அப்புறம் மிகுதியாக நீரில் அமிழ்கிறது; மிதப்பு மையம் அப்பக்கமாக நகர்கிறது; நகர்ந்த தாங்கல் கலத்தை நிமிர்த்துகிறது. ஈருடற்கலத்தில் இந்நிமிர்த்தும் திறனின் பெரும்பங்கு, ஒவ்வோர் உடலும் நீர்மட்டத்தில் அடைக்கும் பரப்பையும், அவ்வுடல் கலத்தின் நடுக்கோட்டிலிருந்து விலகியுள்ள தொலைவின் இருபடியையும் பெருக்கிவரும் அளவைப் பொறுத்தது. தொலைவை 2 மீட்டரிலிருந்து 4 மீட்டராக்கினால் அப்பங்கு இரு மடங்கு ஆவதில்லை, நான்கு மடங்காகிறது. சுமையும் மரமும் மிகாமல், இடைவெளி ஒன்றாலேயே இவ்வளவு நிலைப்பு!

கட்டுமரமும் இந்த அகலத்தின் வலிமையையே நம்பியது. ஒற்றை மரம் உருளும். மரங்களை அருகருகே பிணைத்தால் உருளாது. அதற்கு மேலும் ஒரு நுட்பம் அதில் உண்டு. படகில் ஏறிய அலைநீர் தங்கிப் படகை அமிழ்த்தும்; கட்டுமரத்தில் ஏறிய நீரோ மரங்களின் இடுக்கு வழியே வடிந்துவிடும். அமிழ்வதற்கு அதில் உட்குழிவே இல்லை. துறைமுகம் இல்லாத கரையில், ஆளுயர அலை உடையும் இடத்தைக் கடந்து செல்ல இதனினும் தக்க கலம் ஏது? மாலையில் கரையேறியதும் கட்டை அவிழ்த்து மரங்களை உலரப் போடுவார்கள். மறுநாள் கடலுக்குப் போகும்போது மீண்டும் கட்டுவார்கள். நடுவிலுள்ள மரங்களை எடுத்துவிட்டு ஓரத்து மரங்களை மட்டும் பெரிதாக்கினால் ஈருடற்கலம் பிறக்கும். ஆனால் அந்த அடியை எடுத்து வைத்து ஆழ்கடல் கடந்தவர் பசிபிக் தீவினர். உண்மை இதுவே.

புதுவயலுக்குக் கிழக்கே விரியும் பாக்குநீரிணைக் கரையிலும் நிலைப்பைத் தேடிய மற்றோர் அறிவு இருந்தது. பாய் கட்டிய வத்தைகளில் குறுக்கே ஒரு நீளப் பலகையை வெளியே நீட்டி வைப்பர். காற்று மிக்குப் பாய் சாயும்போது ஆட்கள் அப்பலகையின்மேல் நகர்ந்து நுனியில் போய் அமர்வர். காற்றுத் தணிந்தால் உள்ளே வருவர். சென்னை மாகாணத்தில் மீன்துறைத் தலைவராக இருந்த சேம்சு ஆர்னெல், இந்தியப் படகுகளைப் பற்றி 1920-இல் வெளியிட்ட ஆராய்ச்சியில் இத்தகைய கலங்களை ஊன்றி நோக்கி எழுதினார். தமிழ்க் கடலோடியின் அறிவை ஆங்கிலேயர் ஒருவர் வந்து அளந்து எழுதவேண்டி இருந்தது என்பதே நெஞ்சில் தைக்கும் செய்தி.

மேலைநாட்டார் இந்த அறிவை எப்படி வளர்த்தனர் என்பது பாடமாகத்தக்கது. 1662-இல் வில்லியம் பெட்டி என்பார் அயர்லாந்தின் தப்ளினில் ஈருடற்கலம் ஒன்றைக் கட்டினார். அடுத்து அவர் கட்டியவற்றுள் ஒன்று 1665-இல் போர்ச்சுகல் சென்று திரும்புகையில் புயலில் அழிந்தது. 1814-இல் இராபர்ட்டு புல்டன் நியூயார்க்கில் கட்டிய நீராவிப் போர்க்கலத்தில், பீரங்கிக் குண்டு படாதவாறு துடுப்புச் சக்கரத்தை இரண்டு உடல்களுக்கு நடுவே வைத்தார். 1876-இல் நத்தானியேல் எர்சாப்பு என்னும் அமெரிக்கர் ‘அமரில்லிசு’ என்னும் ஈருடற் பாய்க்கலத்தை நியூயார்க்குப் போட்டியில் இறக்கி மற்ற கலங்களைப் பின்தள்ளினார். தோற்றவர் என்ன செய்தனர்? அதன் நுட்பத்தைக் கற்கவில்லை. அதனைப் போட்டியிலிருந்தே விலக்கினர். 1947-இல் அவாய்த் தீவில் ஊடி பிரௌனும் அவர் துணைவரும், பசிபிக் தீவினரின் வடிவைப் பின்பற்றி ‘மனு காய்’ என்னும் விரைகலத்தைக் கட்டினர். மெலிந்த உடல் நீரைக் கிழிக்கும்போது எழும் அலை சிறிது, எதிர்ப்பும் குறைவு. ஆதலின் அக்கலம் பறந்தது.

ஈருடற்கலத்துக்குக் குறையே இல்லை என்று எண்ணற்க. ஒரு சக்கரம் பள்ளத்திலும் மற்றொன்று மேட்டிலும் ஏறினால் வண்டியின் அச்சு முறுகுவது போல, இரண்டு உடலும் வெவ்வேறு அலைமேல் ஏறும்போது இணைப்புத் தளம் முறுக்குண்கிறது. தளத்தின் அடியில் அலை அறைகிறது. நிமிர்த்தும் திறன் மிகையாக இருப்பதால் ஆட்டம் மெல்ல இராமல் வெடுக்கென்று இருக்கும். பாய்க்கலம் ஒருமுறை தலைகீழானால் அந்நிலையிலேயே நிலைத்துவிடும். இக்குறைகளில் அலையாட்டத்தைக் களைய வழி கண்டவர் தொலைத்தட்டச்சுப் பொறியை உருவாக்கிய பிரெடரிக்கு கிரீடு. மிதவைப் பருமனை அலை எட்டாத ஆழத்தில் இரண்டு நீளுருளைகளாக வைத்து, நீர்மட்டத்தில் மெலிந்த தூண்சுவர்களை மட்டும் நிறுத்தினால், அலை பற்றி ஆட்டுவதற்குப் பரப்பே இராது என்பது அவர் கருத்து. 1938-இல் அதனை முன்வைத்தார்; 1946-இல் ஆங்கிலநாட்டுக் காப்புரிமை கிடைத்தது. 1973-இல் அமெரிக்கக் கடற்படைக்காக ‘கைமலினோ’ என்னும் கலம் அம்முறையில் கட்டப்பட்டது. கருத்துக்கும் கலத்துக்கும் இடையே முப்பத்தைந்து ஆண்டுகள். அறிவு ஒரே நாளில் விளைவதன்று. ஒருவர் விட்ட இடத்தில் மற்றொருவர் தொட்டால் விளைவது.

இன்று அவ்விளைச்சல் பெரிது. ஆத்திரேலியாவின் தாசுமேனியாவில் கட்டிய 74 மீட்டர் நீள ஈருடற்கலம் ஒன்று, 1990-இல் அத்திலாந்திக்குப் பெருங்கடலை 3 நாள் 7 மணி 54 நிமையத்தில் கடந்து, 1952 முதல் முறியாதிருந்த பழைய அருவினையை முறித்தது. அதே தாசுமேனியாவில் 2025-ஆம் ஆண்டு மே மாதம், 250 டன்னுக்கு மேற்பட்ட மின்கலங்களைச் சுமந்து மின்னாற்றலாலேயே ஓடும் 130 மீட்டர் ஈருடற்கலம் நீரில் இறக்கப்பட்டது.

இந்தியாவிலும் இக்கலை வந்துவிட்டது. 2012-இல் கடற்படையில் சேர்ந்த ‘மகர்’ என்னும் கடலளவைக் கப்பல் ஈருடற்கலம். அதைக் கட்டியது குசராத்து. 2017 முதல் கேரளத்தின் வைக்கத்துக்கும் தவணக்கடவுக்கும் இடையே 75 பேரை ஏற்றி ஓடும் ‘ஆதித்தியா’ என்னும் கதிரவ மின்கலமும் ஈருடற்கலமே. தளத்தின் அகலம் கதிர்ப்பலகைகளுக்கு இடந்தருகிறது. மெலிந்த உடல் சிறிய மின்பொறிக்கும் அடங்கி ஓடுகிறது. 2023-இல் தொடங்கிய கொச்சி நீர்வழிப் போக்குவரத்தில் நூறு பேர் செல்லும் ஈருடற் படகுகளைக் கொச்சிக் கப்பல் தளமே கட்டியது. 2024 பெப்புருவரி 28-ஆம் நாள் தூத்துக்குடித் துறைமுகத்திலிருந்து, இந்தியாவின் முதல் நீரக எரிகலப் படகைத் தலைமையமைச்சர் தொடங்கி வைத்தார். அதுவும் ஈருடற்கலம், அதுவும் கொச்சியில் பிறந்தது, காசிக்குப் போகப் பிறந்தது. தொடங்கி வைத்த மேடை மட்டும் தமிழனுடையது!

கப்பலோட்டிய தமிழன் பிறந்த மண்ணுக்கு இஃது இழுக்கு அன்றோ! 1906-இல் வ.உ. சிதம்பரனார் ஆங்கிலேயனுக்கு எதிராகக் கப்பல் குழும்பு கண்டார். நூற்றாண்டுக்கு மேல் கடந்த பின்னும், தன் சொல்லால் உலகு அழைக்கும் கலத்தைப் பற்றித் தன் மொழியில் படித்தறிய ஒரு நல்ல நூலைத் தமிழ் மாணவன் தேடி அலைய வேண்டியுள்ளது. சென்னையில் கடற்பொறியியல் கற்பிக்கும் தொழில்நுட்பக் கழகம் உண்டு. 2008-இல் அமைந்த இந்தியக் கடல்சார் பல்கலைக்கழகத்தின் தலைமையிடமும் சென்னையே. கல்வி கரையருகே இருக்கிறது. ஆனால் கட்டுமரக்காரன் மகன் பேசும் மொழியில் இல்லை.

அதற்குள் கட்டுமரம் கண்ணெதிரே மறைந்துகொண்டிருக்கிறது. 2004 திசம்பர் 26-ஆம் நாள் ஆழிப்பேரலை கரையில் கிடந்த கட்டுமரங்களை உடைத்தது. பின்னர் வந்த உதவி பெரும்பாலும் கண்ணாடியிழைப் படகாக வந்தது. அப்படகைக் குறை கூறுவதற்கில்லை. அது விரைவானது, சுமை தாங்குவது. தொழிலாளி வாழ வேண்டும். ஆனால் எந்த மரத்தை எந்தப் பக்கம் வைப்பது, எப்படி வளைவு செதுக்குவது, எந்த முடிச்சு அலையில் இறுகும், எது அவிழும் என்னும் அறிவு எழுத்தில் ஏறாமலே முதியவர்களோடு மண்ணுக்குள் போனால் அது யார் குற்றம்? அணியம், அமரம், ஏரா, வங்கு, பருமல் என்று கலத்தின் ஒவ்வோர் உறுப்புக்கும் தமிழில் பெயர் உண்டு. இவற்றைப் பாடநூலில் ஏற்றாமல் ஆங்கிலப் பெயர்களைத் தமிழெழுத்தில் எழுதிவிட்டு, ‘தமிழில் அறிவியலுக்குச் சொல் இல்லை’ என்பது எத்துணைப் பேதைமை!

ஆகவே செய்யவேண்டுவன மூன்று. முதலாவது, பெயர்த் தெளிவு. பிணைத்த மரக்கலம் கட்டுமரம். இரண்டுடல் கொண்ட கப்பல் ஈருடற்கலம். தமிழ்ச் செய்தியில் ‘கேட்டமரான்’ என்று எழுதுவது, தன் வீட்டுப் பிள்ளையை அயலான் திரித்து அழைத்த பெயராலேயே தாயும் அழைப்பது போன்றது. ஈருடற்கலத்தையே கட்டுமரம் என்பதும் தவறு. அது கட்டுமரத்தின் வரலாற்றை அழித்துவிடும். இரண்டாவது, கடற்கரைத் தமிழாசிரியர்கள் மாணவர்களோடு குப்பங்களுக்குச் சென்று, எஞ்சியுள்ள கட்டுமரங்களை அளந்து வரைந்து, மூத்த கைவினைஞர் வாயிலிருந்து சொற்களைத் திரட்ட வேண்டும். மூன்றாவது, கலத்தின் மிதப்பும் நிலைப்பும் தமிழ்ப் பாடமாக வேண்டும். 2010-இல் அண்ணா பல்கலைக்கழகம் கட்டடப் பொறியியலையும் எந்திரப் பொறியியலையும் தமிழ்வழியில் தொடங்கியது. அவ்வழி கடலை எட்டாமல் நிற்பது ஏன்?

இவை ஆகாத செயல் என்பாருக்கு அவாய்த் தீவு விடை சொல்லும். அங்கே ஆட்சியும் போயிற்று, மொழியும் தேய்ந்தது, விண்மீன் கண்டு கலம் செலுத்தும் கலை அற்றே போயிற்று. 1975-இல் அம்மக்கள் ‘ஓக்குலேயா’ என்னும் இரட்டைத் தோணியைத் தம் முன்னோர் வடிவில் கட்டினர். வழிகாட்டும் கலை தெரிந்தவர் தம் தீவில் இல்லாமையால், மைக்ரோனேசியாவின் ஒரு சிறு தீவிலிருந்து மௌ பியாயிலுக்கு என்னும் கடலோடியை அழைத்து வந்தனர். 1976-இல் கருவி ஏதுமின்றி அக்கலம் தாகித்தியை அடைந்தது. 2014 முதல் 2017 வரை உலகையே சுற்றி வந்தது. அயலார் தம் தோணியைத் திருடினர் என்று அவர்கள் மேடையில் அழுதுகொண்டிருக்கவில்லை, தோணியைக் கட்டினர். தெரியாததைத் தெரிந்தவனிடம் கேட்க நாணவுமில்லை.

அந்தப் புதுவயல் பிள்ளைக்கு இனி விடை சொல்லலாம்: “தம்பி, பெயர் தமிழ். கலம் பசிபிக் தீவினர் கண்டது. பல நாட்டார் வளர்த்தது. மரத்தைப் பிணைத்துக் கடலை வெல்லலாம் என்னும் அறிவில் உன் முன்னோர்க்கும் பங்குண்டு. அடுத்த கலத்தை நீ கட்டு. அதற்குத் தமிழில் பெயர் வை.” கட்டுமரக்காரன் மாலையில் கட்டை அவிழ்ப்பது மரத்தை விட்டுவிடுவதற்கு அன்று, மறுநாட் கடலுக்காக உலர்த்துவதற்கே. அவிழ்ந்து கிடக்கும் மரங்கள் உலர்ந்து நெடுநாள் ஆயின. கட்டுவதே எஞ்சியுள்ள வேலை.